முகம் தெரியும், பெயர் தெரியாது

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. நுங்கம்பாக்கத்தில் அதே நேரத்தில் 29. சென்னை வெள்ளம் என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலைக்குப் பக்கத்தில். ஆற்றில் அதற்கு மேலே இருக்கிற முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான நகர்களையும் மூழ்கடித்தது, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். மறைமலை நகர் அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் வந்து சேர முடியாமல், 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் முதல்முறையாகச் சென்னையில் அச்சாகாமல் போனதும் அன்றைக்குத்தான்.

செய்தித்தாளோடு செல்போனும் நின்றது. அது ஏன் நின்றது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அடுத்த வெள்ளத்திலும் அப்படித்தான் நிற்கும். செல்போன் கோபுரம் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் போனால் அடியில் இருக்கும் பேட்டரிகள் சில மணி நேரம் தாங்கும், அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் வர வேண்டிய சாலையில் இடுப்பளவு தண்ணீர் ஓடினால், இருப்பது தீர்ந்ததும் கோபுரம் அணைந்துவிடும். தப்பி நிற்கும் பக்கத்துக் கோபுரத்தின் மேல் அந்தப் பகுதியின் மொத்தச் சுமையும் விழும். ஒரு கோபுரம் ஒரே நேரத்தில் சுமக்கக்கூடிய அழைப்புகளுக்கு வரம்பு உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் யாருக்கும் கிடைக்காது. பேச்சு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும், ஏனென்றால் அதற்குத் தொடர்ந்த தடம் தேவையில்லை. வழி கிடைக்கும்வரை காத்திருந்து போய்விடும். மூலையில் கிடந்த பழைய தரைவழி போன் சில வீடுகளில் ஒலித்ததற்குக் காரணம் இன்னும் எளியது. அதற்கு வேண்டிய மின்சாரம் வீட்டிலிருந்து வருவதில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரி வரிசையிலிருந்து அதே செம்புக் கம்பி வழியாக வருகிறது.

இணையம் அந்த நாட்களில் செய்த உதவியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஃபேஸ்புக் ‘பத்திரமாக இருக்கிறேன்’ என்று அறிவிக்கும் வசதியைச் சென்னைக்குத் திறந்துவிட்டது. ஓபன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தின் மேல் எந்தெந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று பொதுமக்களே குறித்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகன் சேலையூரில் இருக்கும் தாய்க்குப் படகு தேடினான். ஆனால் இதெல்லாம் கரையில் நின்றவர்களின் கையில் இருந்த கருவி. தண்ணீருக்குள் இருட்டில் இருந்தவருக்கு அந்த முதல் இரவில் கிடைத்தது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் மட்டும்தான்.

முடிச்சூர் பக்கம் அந்த இரவைக் கடந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். யார் உதவினார்கள் என்று கேட்டால் உறவினரையோ நெருங்கிய நண்பரையோ சொல்பவர்கள் குறைவு. ‘எதிர்த்த மாடி வீட்டுக்காரர், பேரு தெரியாது, காலையில பால் வாங்கும்போது பார்ப்போம்’ என்பார்கள். ‘கோயில்ல பார்த்த முகம்’ என்பார்கள். நட்பு என்று சொல்ல முடியாத, அந்நியம் என்றும் சொல்ல முடியாத இந்த மெல்லிய பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கைபேசிக் காலத்தில் உறவுகள் செத்துவிட்டன என்று பொதுவாகப் புலம்புகிறோம். நெருங்கிய உறவுகளுக்கு அப்படி எதுவும் ஆகிவிடவில்லை. இளைத்துக்கொண்டிருப்பது இந்த மெல்லிய பழக்கம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் இதை ஆராய்ந்து எழுதினார். அவருடைய மாணவர்கள் நியூயார்க்கில் ஒரு ரயில் நிலையத்துக்குப் போய்க் காலை வண்டிக்குக் காத்திருந்தவர்களைப் படம் பிடித்தார்கள். படத்தில் இருந்த ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு எண் போட்டார்கள். பிறகு ஒரு நாள் அதே நிலையத்துக்கு வந்தவர்களிடமே படத்தை நீட்டி, இதில் யாரைத் தெரிகிறது என்று கேட்டார்கள். நூற்றுக்கு 89.5 பேர் ஒருவரையாவது அடையாளம் காட்டினார்கள். சராசரியாக ஒருவருக்கு, பேசாமலே பழகிப்போன முகங்கள் நான்கு இருந்தன. பேசிப் பழகியவை ஒன்றரை. இவர்களை மில்கிராம் ‘பரிச்சயமான அந்நியர்’ என்று அழைத்தார். பேசாமல் இருப்பதும் இருவரும் பகையில்லாமல் ஒப்புக்கொண்ட ஓர் உறவுதான் என்பது அவர் கருத்து. அதே இருவரும் வேறொரு ஊரில் எதிரெதிரே வந்துவிட்டால் ‘அட, நீங்களா!’ என்று கை குலுக்குவார்கள். வழக்கம் உடைந்தால் வாயும் திறக்கும்.

2013இல் சிங்கப்பூரில் இதை இன்னும் பெரிய அளவில் பார்த்தார்கள். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டும் பயண அட்டைகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 30 லட்சம் பயணிகளில் யார் யாரோடு ஒரே வண்டியில் இருந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். அதே மனிதர்கள், அதே நேரத்தில், மறுபடி மறுபடி சந்திப்பது தெரிந்தது. நகரம் முழுக்க ஒருவரையொருவர் அறியாதவர்களின் அடர்ந்த வலை ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் பின்னப்பட்டிருந்தது.

வெறுமனே பார்ப்பதால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டியது, ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே அதன்மேல் நமக்கு ஒரு சாய்வு வந்துவிடுகிறது என்பது. இதை மனிதர்களிடம் 1992இல் சோதித்தார்கள். தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்த நான்கு பெண்கள் ஒரு கல்லூரி வகுப்பில் மாணவிகள் போல வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் 15 முறை, ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் ஒருமுறைகூட இல்லை. யாரோடும் பேசவில்லை. பருவம் முடிந்ததும் நால்வரின் படத்தையும் காட்டிக் கேட்டபோது, அதிகமாக வந்தவரை மாணவர்களுக்கு அதிகமாகப் பிடித்திருந்தது. இந்த முகத்தால் இதுவரை எனக்குக் கெடுதல் வந்ததில்லை என்று மூளை ஓசையில்லாமல் கணக்கு வைக்கிறது. வெள்ளம் வந்த இரவில் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தது அந்தக் கணக்குதான்.

தென்சென்னைப் புறநகரில் இந்தப் பரிச்சயத்தைப் பெருமளவில் உண்டாக்கியதும் ஒரு நவீனத் தொழில்நுட்பமே. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தபோதும் இது ஊருக்கு வெளியே கிடந்த காட்டுப்பகுதிதான். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று ரயிலடிகளைச் சுற்றித்தான் குடியிருப்புகள் முளைத்தன. விழுப்புரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து இறங்கியவர்கள், சொந்தபந்தம் எதுவும் இல்லாத புது ஊரில் பழகிக்கொண்டது எட்டேகால் வண்டியில்தான். சீசன் டிக்கெட்காரருக்கு வண்டி மட்டுமல்ல, பெட்டியும் கம்பியும் சன்னலும் நிரந்தரம். ஆயுத பூஜைக்குப் பெட்டியைக் கழுவி, மாவிலை கட்டி, பொரிகடலை கொடுத்துக் கொண்டாடினார்கள். 2004இல் மீட்டர் கேஜ் வண்டி இந்தத் தடத்திலிருந்து விடைபெற்றபோது வருந்தியவர்கள் தண்டவாளத்தின் அகலத்துக்காக வருந்தவில்லை.

ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர், புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டார். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. போகவும் வரவும் ஒரே பெட்டியில் இருப்பவர்கள் ஒரே மாதத்தில் 50 மணி நேரத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். வேறு எங்கும் நகர முடியாமல், செய்ய வேறு வேலையும் இல்லாமல் கழியும் மணி நேரம் அது. நட்புக்கு அதைவிட நல்ல இடம் நம் ஊரில் இருந்ததில்லை.

தொலைபேசியும் முதலில் வந்தபோது மனிதர்களைப் பிரிக்கவில்லை, சேர்த்தது. காரணம் அதன் பற்றாக்குறை. எழுபது, எண்பதுகளில் போனுக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் கடிதத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போடுவார்கள். அது பக்கத்து வீட்டு எண். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பையன் சுவரை எட்டிப் பார்த்து, ‘மாமி, உங்களுக்கு போன்!’ என்று கத்துவான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாமி ஓடி வருவார். பேசி முடித்த பிறகு ‘ஊர்ல என்ன விசேஷம்?’ என்ற கேள்வி வரும். பதில் சொல்லாமல் வர முடியாது. தங்கைக்குக் குழந்தை பிறந்தது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, எல்லாம் இரண்டு வீட்டுக்கும் செய்தி. பிறகு மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவுக் கட்டணச் சலுகைக்காக வரிசையில் நின்றவர்கள் ஒருவர் ஊரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள். டிவியும் அப்படித்தான். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு பல வருடங்களுக்குத் தெருவுக்கு ஒரு பெட்டிதான், ஞாயிற்றுக்கிழமை படத்துக்குத் தெருவே அங்கே கூடும்.

இதை நினைத்து உருக மட்டும் செய்தால் அது பொய்யாகிவிடும். அந்தக் கூடத்தில் யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் தரையில் உட்கார்ந்தார்கள், யார் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள் என்பதில் சாதியும் பணமும் இருந்தன. பி.பி. போனில் பேச வந்த மருமகளுக்கு மனசைத் திறந்து நாலு வார்த்தை தன் அம்மாவிடம் சொல்ல முடியாது, வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். சொந்தக் கைபேசி அவளுக்குத் தந்த விடுதலை மிகப் பெரியது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நெருங்கிய உறவுகளைக் கைபேசி எப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு நம் பகுதியிலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. மானுடவியலாளர் ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னையின் புறநகரில், கிராமங்களுக்கு நடுவே ஐ.டி. நிறுவனங்கள் எழும்பிய ஒரு பகுதியில் தங்கிக் களப்பணி செய்தார். இடத்தின் உண்மைப் பெயரைச் சொல்லாமல் ‘பஞ்சகிராமி’ என்று பெயர் வைத்தார். ‘சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா’ என்ற அவருடைய நூலை 2017இல் லண்டன் யூ.சி.எல். பதிப்பகம் வெளியிட்டது. அலுவலகத்துக்குள் இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் வீட்டை நடத்தும் பெற்றோரை அதில் பார்க்கலாம். வேலை நேரமும் வீட்டு நேரமும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்துவிட்டன. கூட்டுக்குடும்பம் ஒரே கூரையின் கீழ் இல்லாவிட்டாலும் ஒரே குழுவில் இருக்கிறது. அந்த நூல் காட்டும் இன்னொரு பக்கமும் உண்டு. ஆன்லைன் வட்டங்கள் பெரும்பாலும் சாதியாலும் வர்க்கத்தாலும் உறவாலும் ஏற்கெனவே அமைந்த வட்டங்களாகவே இருந்தன. இளம்பெண்களின் கைபேசியைக் குடும்பம் கண்காணித்தது. தெரிந்தவரை இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ளக் கருவி உதவியது. தெரியாதவரைத் தெரியவைக்கும் வேலையை அது அவ்வளவாகச் செய்யவில்லை.

தெரியாதவர் எப்படித் தெரிந்தவர் ஆனார்? சின்னச் சின்னத் தேவைகளால். நேரம் என்ன, இந்த வண்டி செங்கல்பட்டு போகுமா, பத்து ரூபாய்க்குச் சில்லறை இருக்குமா, இந்த அட்ரஸ் எங்கே? இந்தக் கேள்விகள்தான் இரண்டு அந்நியர்களுக்கு நடுவே கதவாக இருந்தன. கடந்த சில வருடங்களில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி வந்துவிட்டது.

டிக்கெட் கவுன்ட்டரை எடுத்துக்கொள்வோம். முன்பதிவில்லாத பயணத்துக்குக் காகிதமில்லா டிக்கெட்டைக் கைபேசியிலேயே எடுக்கும் முறையை ரயில்வே 2015 ஏப்ரலில் எழும்பூர்–தாம்பரம் தடத்தில்தான் தொடங்கியது. செயலி ஜி.பி.எஸ். மூலம் நாம் நிற்கும் இடத்தைப் பார்க்கும். தண்டவாளத்தை ஒட்டி நின்றால் டிக்கெட் தராது, ஏனென்றால் வண்டியில் ஏறிய பிறகு பரிசோதகரைப் பார்த்ததும் எடுத்துவிடக் கூடாது. அருமையான ஏற்பாடு. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். தாம்பரம் கவுன்ட்டரில் காலை நேர வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த வரிசையில்தான் ‘சார், வண்டி வந்துடுச்சு, ஒரு பல்லாவரம் சேர்த்து எடுத்துக் கொடுங்களேன்’ என்று ஒருவர் காசை நீட்டுவார். எடுத்துக் கொடுத்தவரும் வாங்கியவரும் படியில் சேர்ந்து ஓடுவார்கள். மறுநாள் பார்த்தால் தலையசைப்பார்கள்.

தாம்பரம் சண்முகம் சாலையில் கீரை விற்கும் அம்மாவிடம் முன்பெல்லாம் கணக்கு சரியாக முடிந்ததே இல்லை. ‘அஞ்சு ரூபா இல்ல கண்ணு, நாளைக்கு வாங்கிக்க’ என்பார். அல்லது நாம் ‘நாளைக்குத் தர்றேன்மா’ என்போம். முடியாத அந்த ஐந்து ரூபாய்க் கணக்கு இரண்டு பேரையும் மறுநாள் மறுபடி சந்திக்க வைத்தது. இப்போது கைபேசியில் பணம் கட்டுவதற்கான க்யூ.ஆர். குறியீட்டு அட்டை கூடைமேல் சாய்ந்திருக்கிறது. தொகை பைசா பிசகாமல் போய்விடுகிறது, பணம் வந்ததைப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி அறிவித்துவிடுகிறது, கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. காசு தொலையாது, கள்ள நோட்டு வராது, அவருக்கு இதில் நன்மைதான். தீர்ந்த கணக்கில் மறுநாளுக்கு எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். கனடாவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பிக் கடைக்கு வந்தவர்களில் ஒரு பாதியினரைக் கடைக்காரரோடு சிரித்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மறுபாதியினரைக் காரியத்தை மட்டும் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள். பேசியவர்களின் மனநிலை மேலாக இருந்தது. தாங்களும் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்ற உணர்வும் கூடியிருந்தது.

வழி கேட்பதும் இப்படித்தான். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் நகருக்கு நகர் ஒரு முதல் குறுக்குத் தெரு, ஒரு பாரதியார் தெரு. கதவிலக்கத்தில் பழசு ஒன்று, புதுசு ஒன்று. இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்காமல் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். செயற்கைக்கோள் நம் கைபேசியின் இடத்தைச் சில மீட்டர் பிசகோடு சொல்லிவிடும். ஆனால் முகவரியை வரைபடத்தில் பொருத்துவது வேறு வேலை, அங்கேதான் இன்னும் தடுமாறுகிறது. உணவு கொண்டுவரும் பையன்கள் இன்றும் இஸ்திரி வண்டியருகே வண்டியை நிறுத்தி ‘அண்ணே’ என்று கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேட்காமல் இருக்க வசதி வந்ததும் நாம் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அதுதான் நமக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறோம். நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த நினைப்பைச் சோதித்தது. சிகாகோவின் புறநகர் ரயிலில் போகிறவர்களில் சிலரைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போல இருக்கச் சொன்னார்கள். முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது, தனியாக இருப்பதே இனிமையாக இருக்கும் என்றார்கள். நடந்ததோ தலைகீழ். பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. நமக்குப் பேச விருப்பம்தான், ஆனால் அவருக்கு விருப்பம் இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு முழுப் பெட்டியும் மௌனமாகப் போகிறது. காதில் செருகிய இயர்போன் இந்தத் தவறான ஊகத்தை உறுதிப்படுத்துகிறது. உள்ளே பாட்டே ஓடாவிட்டாலும் ‘என்னோடு பேசாதே’ என்றுதான் அது சொல்வதாக எடுத்துக்கொள்கிறோம். பெண்களுக்கு இதில் இன்னொரு நியாயம் இருக்கிறது. முறைத்துப் பார்ப்பவரிடமிருந்தும் தேவையில்லாமல் பேச்சுக் கொடுப்பவரிடமிருந்தும் அந்த இயர்போன் ஒரு வேலி. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் பூத் தொடுத்தபடி நடக்கும் பேச்சுக்கு அந்த வேலி வேண்டியிருந்ததில்லை.

இதே ரயில் தடத்தில் நடந்த ஒரு கொடுமையைச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுதுவது நேர்மையாகாது. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் நிலையத்தில் தெற்கே வேலைக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருந்த ஓர் இளம்பெண், பலர் இருந்த நடைமேடையில் வெட்டிக் கொல்லப்பட்டார். தடுக்க யாரும் முன்வரவில்லை. பரிச்சயமான முகங்கள் அங்கேயும் இருந்திருக்கும். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரின் பொறுப்பும் கரைகிறது என்று உளவியலாளர்கள் லடானேயும் டார்லியும் 1968இல் சோதனை செய்து காட்டியிருந்தார்கள். எல்லா இடத்திலும் அப்படியே நடந்துவிடுவதில்லை. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்க நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளிலிருந்து 219 தெருச் சண்டைகளை எடுத்து ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் ஒருவராவது குறுக்கே வந்திருந்தார். 2019இல் வெளியான ஆய்வு அது. ஆயுதம், அதிர்ச்சி, சில நொடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுவது என்று நுங்கம்பாக்கத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் அது நம் விஷயத்துக்கு ஒரு எல்லையைக் காட்டுகிறது. வெறும் பார்வைப் பழக்கம் ஒருவரை நம்ப வைக்கும், அவருக்காகக் குதிக்க வைக்க அது போதாது. ஒரு முறையாவது வாய்ப்பேச்சு நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பால் வாங்கும்போது ‘இன்னைக்கு லேட்டா?’ என்று கேட்டிருந்தால் போதும். மழை இரவில் மாடிக்கதவைத் தட்டியவர்கள் பலரும் அந்த ஒரு வாக்கியத்தைக் கடந்தவர்கள்.

தொழில்நுட்பம் இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியும், கருவியை ஒரே இடத்தில் வாழ்பவர்களின் பொதுத் தேவையோடு கட்டினால். 1990களின் கடைசியில் கனடாவின் டொரன்டோ புறநகரில் புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளுக்கு அதிவேக இணையமும் அந்தத் தெருக்காரர்களுக்கென ஒரு மின்னஞ்சல் பட்டியலும் கொடுத்தார்கள். மற்ற வீடுகளுக்கு இணைப்பு வரவில்லை. சமூகவியலாளர்கள் கீத் ஹாம்ப்டனும் பாரி வெல்மனும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இணைப்பு இருந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தில் சராசரியாக 25 பேரைப் பெயர் சொல்லித் தெரிந்திருந்தது, இல்லாதவர்களுக்கு 8 பேரை. கட்டுமானக் குறைகளுக்காகக் குடியிருப்பை எழுப்பிய நிறுவனத்தோடு போராடவும் அந்தப் பட்டியலில்தான் ஆள் சேர்த்தார்கள்.

நம் புறநகரில் அந்தப் பொதுத் தேவை மழை. 2015க்குப் பிறகு மழை பார்ப்பது இங்கே ஒரு கூட்டுப் பழக்கமாகவே ஆகிவிட்டது. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் ஃபேஸ்புக் பக்கத்தை லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள். மொட்டை மாடியில் மழைமானி வைத்து, விடிந்ததும் அளவைப் பதிவிடும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்துத் தெருக் குழுக்களில் ‘குட் மார்னிங்’ பூக்கள் குறைந்து ஏரிப் படங்கள் வரத் தொடங்கும். ஆதனூர் ஏரிக் கலங்கலில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்தச் சிறுபாலத்தின் அடியில் குப்பை அடைத்திருக்கிறது, மேம்பாலத்தில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பேச்சு. கலங்கல் பார்க்கப் போகும் இரண்டு பேர் சேர்ந்து போகிறார்கள். அதுவரை அவர்கள் ஒருவருக்கொருவர் முகப்புப் படம்தான். போய்விட்டு வந்த பிறகு அவருக்குச் சர்க்கரை இருப்பதும், இவர் வீட்டில் படுக்கையில் ஒரு பாட்டி இருப்பதும் பரஸ்பரம் தெரிந்திருக்கிறது. பாட்டியை எந்த மாடிக்குத் தூக்குவது என்பது மழைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட உறவுகள் பேரிடருக்குப் பிறகு என்ன செய்கின்றன என்பதை அளந்தவர் ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச். 1923 டோக்கியோ நிலநடுக்கம், 1995 கோபே நிலநடுக்கம், 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழ்நாட்டுக் கடற்கரை, 2005 நியூ ஆர்லியன்ஸ் வெள்ளம் என நான்கையும் ஒப்பிட்டு 2012இல் நூல் எழுதினார். மீண்டெழும் வேகத்தைச் சேதத்தின் அளவையும் பணத்தையும் விட மனிதர்களுக்கு இடையிலான உறவின் வலுவே அதிகம் தீர்மானித்தது என்பது அவர் முடிவு. தமிழ்நாட்டில் அவர் கண்டதில் ஒரு கசப்பும் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த மீனவக் கிராமங்களுக்கு நிவாரணம் நன்றாகவே வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பஞ்சாயத்துகளின் கணக்கில் பெண்கள், தலித்துகள், முஸ்லிம்கள் போன்றோர் விடுபட்டுப் போனார்கள். இறுக்கமான வட்டம் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் அதே வலுவோடு வெளியே இருப்பவரை விட்டுவிடும்.

நம் அடுக்ககக் குழுக்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். வீட்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவரைச் சேர்ப்பதா என்று பல இடங்களில் இன்னும் விவாதம் நடக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா இல்லை. கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் ஒடிசாக்காரக் காவலாளி இல்லை. ஏரி நிரம்பிவிட்டது என்ற செய்தி மூன்றாவது மாடிக்கும் அங்கிருந்து துபாய்க்கும் போய்விடுகிறது, தண்ணீர் முதலில் நுழையப்போகும் அறைக்குப் போவதில்லை. பருவமழைக்கு முன்னால் குழுவில் சேர்க்க வேண்டிய முதல் எண் அந்த அறையினுடையது. அவருக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் குரல் பதிவாக அனுப்பலாம். அவர் மொழியில் பேசக்கூடிய ஒருவர் அதே தெருவில், பானிபூரி வண்டியிலோ பாதி எழும்பிய கட்டடத்திலோ இருப்பார். தினமும் பார்க்கும் முகமாகத்தான் இருக்கும்.